காற்றாலைக்கு அரசு கொடுத்த காசு எதை வளர்த்தது?

வாசகர் கேள்வி, ஜூன் 8, 2025

அண்ணாச்சி, கல்லூரிப் பட்டிமன்றத்துக்காகக் கேட்கிறேன். சோலார் பேனல் விலை தானாகவே இறங்கிவிட்டது. காற்றாலை மின்சாரமும் மலிவாகிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் மானியம், வரிச்சலுகை, கட்டாயக் கொள்முதல் என்று அரசு இதற்குள் தலையிட்டதெல்லாம் வீண்தானே? சும்மா விட்டிருந்தால் வரவேண்டிய நேரத்தில் வந்திருக்காதா?

ஜூன் 8, இரவு

தம்பி, அந்தத் "தானாக" என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

2000-ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. கூரையில் பேனல் போட்டு யார் மின்சாரம் கொடுத்தாலும் 20 ஆண்டுக்கு இன்ன விலை என்று எழுதிக் கொடுத்தது. அந்தச் செலவு அந்த நாட்டுக் குடும்பங்களின் மின் கட்டணத்தில் தனிவரியாக ஏறியது. 20 ஆண்டுக்கு விலை உறுதி என்றால் வங்கி கடன் கொடுக்கும், கடன் கிடைத்தால் ஆர்டர் குவியும். அந்த ஆர்டரை நம்பித்தான் ஆலைகள் பெருகின. அப்புறம் சீனா தன் அரசின் ஆதரவோடு இன்னும் பெரிய ஆலைகளைக் கட்டியது. இந்தியாவில் 2010-ல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு வைத்த விலை யூனிட்டுக்கு 17.91 ரூபாய். 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில், யார் குறைந்த விலைக்குத் தருவார் என்ற ஏலம் 2.44 ரூபாய்க்கு முடிந்தது. நடுவில் இருக்கும் அந்த 15 ரூபாய் காற்றில் கரையவில்லை. யாரோ எங்கேயோ கட்டியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தது காற்றாலை. முப்பது வருஷமாக ஆரல்வாய்மொழி, பணகுடி, ராதாபுரம் பக்கம் இந்தக் காத்தாடிகளோடுதான் இருக்கிறேன். அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஜூன் 9

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசு தலையிட வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணியுமே தோற்கும். அரசு எதற்குக் காசு கொடுக்கிறதோ அது வளரும். கேட்க வேண்டியது அதைத்தான்.

ஜூன் 11

தமிழ்நாட்டில் காற்றாலை 1986-ல் தூத்துக்குடிக் கரையில் தொடங்கியது. ஒவ்வொரு இயந்திரமும் 55 கிலோவாட். அரசு தானே நட்டுக் காட்டிய மாதிரிப் பண்ணை அது. பிறகு டென்மார்க் உதவியோடு கயத்தாற்றில் ஒன்று வந்தது. தனியார் யாரும் கை வைக்காத காலத்தில் "இங்கே காற்று இருக்கிறது, இயந்திரம் ஓடுகிறது" என்று காட்டியது அரசுதான். காற்றளவுக் கம்பங்களை ஊர் ஊராக நட்டு, எங்கே என்ன வேகம் என்று புத்தகமாகப் போட்டதும் அரசுப் பணம்தான். அந்தப் புத்தகம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தலுக்கு வழி கேட்டிருக்காது.

தொண்ணூறுகளில் வரிச்சலுகை வந்தது. காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கம்பெனி வரி 46 சதவீதம் இருந்த காலம் அது. ஒரு கோடிக்கு இயந்திரம் வாங்கினால் அந்த ஆண்டு 46 லட்சம் வரி மிச்சம். இயந்திரம் ஓடினாலும் சரி, நின்றாலும் சரி.

நான் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. 1996 மார்ச் 31, ராத்திரி. அன்றைக்குள் இயந்திரம் ஓடிவிட்டதாகச் சான்று வாங்கினால்தான் அந்த நிதியாண்டுக் கணக்கில் சேரும். மார்ச் மாதம் எங்கள் பக்கம் காற்று இருக்காது. கம்பத்தின் அடியில் பேனல் கதவைத் திறந்து வைத்து நிற்கிறோம். திரையில் நொடிக்கு 2 மீட்டர் என்று காட்டுகிறது. ஓடத் தொடங்கவே 4 வேண்டும். மணி பதினொன்று. பொறுப்பில் இருந்தவர் சொன்னார்: "லைனிலிருந்து எடுத்துச் சுத்த விடு." அந்தக் கால ஜெனரேட்டர் லைனில் போட்டால் மோட்டாராகவும் சுற்றும். போட்டோம். இறக்கை மெல்ல அசைந்து சுற்ற ஆரம்பித்தது. மின்சாரம் கொடுக்க வந்த இயந்திரம் மின்சாரத்தை வாங்கிச் சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தேங்காய் உடைத்தோம், சான்றில் கையெழுத்தானது.

சட்டப்படி அதில் தவறு இருந்ததா என்று எனக்கு அப்போது யோசிக்கவும் தெரியாது. ஆனால் அந்த இறக்கை சுற்றியது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜூன் 12

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மார்ச் 31-ல் முடித்தால் முழுத் தேய்மானமும் கிடைக்காது, பாதிதான். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குப் பாதி என்பது வருமான வரி விதி. முழுதாக வேண்டுமென்றால் செப்டம்பர் மாதத்துக்குள் ஓடவேண்டும். அதனால் எங்களுக்கு வருஷத்தில் இரண்டு தீபாவளி, செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும். இரண்டிலும் தூக்கமில்லாத இரவுகள். காற்றுக்காலம் மே கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. ஆக, செப்டம்பர் 30-ல் நட்டவர் அந்த ஆண்டின் காற்றை முழுவதும் விட்டுவிட்டுத்தான் நடுகிறார். வரிக் காலண்டரும் காற்றுக் காலண்டரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

ஜூன் 15

ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்: "வரிக்காகவே வாங்கினாலும் இயந்திரம் நட்டாயிற்றே, அப்புறம் ஓடத்தானே செய்யும்?"

இரண்டு முதலாளிகளைப் பற்றிச் சொல்கிறேன். அருகருகே இருந்த இரண்டு காத்தாடிகள், ஒரே மாடல், 250 கிலோவாட். ஒருவருக்கு வெளிமாநிலத்தில் வேறு தொழில். இன்னொருவர் கோவைப் பக்கம் சின்ன நூற்பாலைக்காரர்.

ஒரு வருஷம் ஜூலையில் முதலாமவர் இயந்திரத்தில் கியர்பாக்ஸ் போனது. மேலே ஏறி மூடியைத் திறந்தால் எண்ணெய் வாடையோடு கருகல் வாடை. அடியில் காந்தத்தை விட்டு எடுத்தேன். நகம் வெட்டிப் போட்டதுபோலப் பல் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. விற்ற கம்பெனி அதற்குள் கடையைக் கட்டியிருந்தது. உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும். முதலாளிக்குப் போன் செய்தால், "மெதுவாப் பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவருக்கு வரவேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தக் காற்றுக்காலம் முழுக்க இறக்கை கட்டிப்போட்டுக் கிடந்தது. ஆடி மாதம், அம்மியைப் பறக்க வைக்கும் காற்று அதன்மேல் வீணாக அடித்துக்கொண்டிருந்தது.

நூற்பாலைக்காரர் தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்வார். "நேத்து எத்தன யூனிட்டுங்க?" அவ்வளவுதான் பேச்சு. குறைந்திருந்தால் ஏன் என்று கேட்பார். காற்று குறைவு என்றால் விட்டுவிடுவார், பிரேக் பேட் தேய்ந்தது என்றால் அன்று மாலையே பேருந்தில் பேட் வந்துவிடும். அவர் ஆலைக்கு அந்த மின்சாரம் வேண்டும். ஒவ்வொரு யூனிட்டும் அவர் கட்டவேண்டிய பில்லில் கழிகிறது.

ஒரே காற்று, ஒரே இயந்திரம், ஒரே மெக்கானிக். ஒருவருக்கு நட்டதற்குக் காசு, இன்னொருவருக்கு ஓடியதற்குக் காசு.

ஜூன் 16

"1996-97-ல் புதிய காற்றாலைகள் குறைந்தனவே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், திடீரென்று குறைந்தன. காரணம் காற்றல்ல. லாபம் இருந்தும் வரியே கட்டாத கம்பெனிகள்மேல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. அடுத்த பட்ஜெட்டில் கம்பெனி வரி 35 சதவீதமாக இறங்கியது. வரியைச் சேமிக்க வாங்கியவர்களுக்குச் சேமிக்க வரி குறைந்துவிட்டது. கூடவே வேலை பார்த்த பல பையன்கள் வளைகுடாவுக்குப் போனார்கள்.

ஜூன் 22

நூற்பாலைக்காரர் கதையில் ஒரு சங்கதியை விட்டுவிட்டேன். இரண்டு பேர் அதைச் சரியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள்: காற்று ஆடியில் அடிக்கிறது, ஆலை வருஷம் முழுக்க ஓடுகிறது, கணக்கு எப்படிச் சரியாகும்?

அதற்குப் பதில்தான் பேங்கிங். என்னைக் கேட்டால் தமிழ்நாடு செய்த பெரிய கண்டுபிடிப்பு அதுதான். இதில் இயந்திரமே கிடையாது, வெறும் கணக்குப் புத்தகம். காற்றுக்காலத்தில் உங்கள் காத்தாடி கொடுக்கும் யூனிட்டை மின் தொகுப்பு, அதாவது மின் வாரியத்தின் லைன், வாங்கி உங்கள் பெயரில் வரவு வைக்கும். கார்த்திகையில் காற்று இல்லாதபோது அந்த வரவிலிருந்து ஆலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பழைய காத்தாடிகளுக்கு அந்த வரவு மார்ச் 31 வரை செல்லும். இதற்கு ஒரு கட்டணம். ரொம்ப நாள் 5 சதவீதம் இருந்தது. நூறு யூனிட் போட்டால் தொண்ணூற்றைந்து திரும்ப வரும்.

ராதாபுரத்துக் காற்றும் கோவை, திருப்பூர் ஆலைகளும் இப்படித்தான் ஒன்றாய்ச் சேர்ந்தன. மானியம் என்று யாரும் இதைச் சொல்வதில்லை. ஆனால் ஆலைக்காரர்கள் சொந்தப் பணத்தைப் போட்டதற்கு இதுதான் காரணம்.

மின் தொகுப்பின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆடியில் கிடைத்த மலிவு யூனிட்டுக்குப் பதிலாக மாசி மாதம் சாயங்காலம் விலை கொடுத்து வாங்கிய யூனிட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நஷ்டத்தைக் கடைசியில் வீட்டுக்காரரும் கடைக்காரரும்தான் சுமக்கிறார்கள். 2012-ல் மாநிலம் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டுகளில் காற்றுக்காலத்து நள்ளிரவில் லைன் தாங்காமல் காத்தாடிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். நிறுத்தும் பட்டனை நான் அழுத்தியிருக்கிறேன். நொடிக்கு 15 மீட்டர் காற்று, அதை வாங்கிக்கொள்ள லைன் இல்லை. வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை, அம்மா விசிறிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பசுமை வழித்தடம் என்ற பெயரில் 400 கிலோவோல்ட் லைன்களும் துணை மின்நிலையங்களும் வந்த பிறகுதான் அந்த நிலைமை தணிந்தது.

ஜூன் 23

பேங்கிங் கட்டணம் 5 சதவீதத்தோடு நின்றுவிடவில்லை. 2016-ல் 12, 2018-ல் 14 சதவீதம் ஆனது.

ஜூன் 23, கொஞ்ச நேரம் கழித்து

"உண்மையாகவே சேமித்து வைக்க முடியாதா?" என்று கேட்ட தங்கைக்கு: முடியும். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்து இருக்கிறது. உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுற்றலாம். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் வேலை பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதெல்லாம் ராத்திரி போட்டுப் பகலில் எடுக்கும் உண்டியல். ஆடியில் போட்டு மாசியில் எடுக்கும் அளவுக்குத் தண்ணீருக்கு இடமில்லை.

ஜூலை 1

ஒரு வாரம் எழுதவில்லை. சீசன் உச்சத்தில் இருக்கிறது, ராத்திரி போன் வந்துகொண்டே இருக்கும்.

வரிச்சலுகையைப் பற்றி நான் எழுதியதைப் பழைய நண்பர் ஒருவர் படித்துவிட்டுக் கேட்டார்: "அது இல்லன்னா நீ எங்க வேல கத்திருப்ப?" நாலு நாளாக அதையே யோசிக்கிறேன். அவர் சொல்வது சரி. அந்த மார்ச் 31 ராத்திரிக் கூட்டத்தில் நின்ற பையன்கள்தான் பிறகு நாடு முழுக்கக் காற்றாலைகளை நட்டார்கள். குஜராத், கர்நாடகா, ஆந்திரா எங்கே போனாலும் நாஞ்சில் நாட்டுத் தமிழ் பேசும் மெக்கானிக் ஒருவர் கம்பத்து மேலே இருப்பார். இறக்கை, கம்பம், கியர்பாக்ஸ் எல்லாம் இங்கேயே செய்யும் தொழிற்சாலைகள் சென்னையைச் சுற்றியும் மற்ற ஊர்களிலும் வந்தன. ஓடாத இயந்திரத்தைப் பழுது பார்த்துப் பழுது பார்த்துத்தான் நாங்கள் படித்தோம். படிப்புச் செலவு என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் முழுக்க வீணில்லை. ஜூன் 15 குறிப்பில் நான் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டேன்.

ஆனால் படிப்பு முடிந்த பிறகும் அதே கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். 2009 கடைசியில்தான் ஓடியதற்குக் காசு என்ற திட்டம் மத்திய அரசிடமிருந்து வந்தது. தொகுப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா கூடுதல். தேய்மானச் சலுகை வேண்டுமா, 50 பைசா வேண்டுமா, ஒன்றைத்தான் எடுக்கலாம். நல்ல திட்டம். 2012-ல் இரண்டையும் ஒரே அடியாக நிறுத்தினார்கள். 2011-12-ல் 3,000 மெகாவாட்டைத் தாண்டிய புதிய காற்றாலைகள் அடுத்த ஆண்டு 1,700 ஆயின. 2013-ல் 50 பைசா திரும்ப வந்தது, 2014-ல் தேய்மானமும் வந்தது, 2017-ல் அது பாதியாகக் குறைந்தது. இப்படிக் குழாயைத் திறந்து திறந்து மூடினால் தொழிற்சாலை வைத்திருப்பவர் ஆளை எப்படி வைத்துக்கொள்வார்? ஒவ்வொரு மூடலிலும் கைதேர்ந்த ஆட்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள், திரும்புவதில்லை.

ஜூலை 6

ஏலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியவருக்கு. 2017 பிப்ரவரியில் முதல் காற்றாலை ஏலம், 3.46 ரூபாய். அப்போது தமிழ்நாட்டில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருந்த விலை 4.16. அதே ஆண்டு அக்டோபர் ஏலத்தில் 2.64. நுகர்வோருக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்கு நடுவில் என்ன நடந்தது? ஏல விலையைப் பார்த்த மாநில மின் வாரியங்கள் பழைய விலைக்குக் கையெழுத்துப் போட மறுத்தன, புது ஏலத் திட்டங்கள் நட்டு முடிய இரண்டு வருஷம் ஆகும். நாடு முழுக்க 2016-17-ல் 5,500 மெகாவாட், அடுத்த ஆண்டு 1,800 கூட இல்லை. ஒன்று, இரண்டு காத்தாடி வைத்த சின்ன ஆட்களுக்கு அந்த ஏலத்தில் இடமே கிடையாது. மலிவுக்கு ஒரு விலை கொடுத்தோம். கொஞ்சம் பொறுமையாகப் படிப்படியாக மாற்றியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஜூலை 13

யாரும் கவனிக்காத ஒரு கொள்கையைப் பற்றிச் சின்னதாக. தொண்ணூறுகளில் தென்னக மின் தொகுப்பில் மின்சாரத்தின் அதிர்வெண் 50-ல் நிற்காது, 48-க்கு இறங்கும். இறங்கியதும் காத்தாடி தானாக டிரிப் ஆகும். காற்று நன்றாக அடிக்கும், நாங்கள் கம்பம் கம்பமாக ஓடி ரீசெட் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்போம். 2003-ல் ஒரு விதி வந்தது. அதிர்வெண் குறைந்த நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுக்கும் மாநிலம் அதிக விலை கொடுக்க வேண்டும். சில மாதத்தில் ரீசெட் ஓட்டம் நின்றது. அந்த விதியில் காற்றாலை என்ற சொல்லே கிடையாது, ஒரு பைசா மானியமும் கிடையாது. எங்களுக்கு அது கொடுத்த யூனிட் கொஞ்சமில்லை.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. இன்று முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்டிலேயே நல்ல காற்று வீசும் கணவாய்களில் ஒன்று அது. அங்கே நிற்பது முப்பது வயதுக் காத்தாடிகள்.

கணக்கைப் பாருங்கள். பழையதன் இறக்கை வட்டம் 28 மீட்டர், இன்றைய பெரியது 140 மீட்டர். விட்டம் ஐந்து மடங்கு என்றால் பரப்பு இருபத்தைந்து மடங்கு. உயரத்தில் வேகமும் கூடுதல். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் சக்தி எட்டு மடங்கு. பழையது 30 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, புதியது 120-க்கு மேல் நிற்கும். அதாவது நல்ல காற்று இவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

மாற்ற வேண்டியதுதானே என்பீர்கள். அதற்கும் கொள்கை இருக்கிறது. மத்திய அரசு 2016-லும் 2023-லும் போட்டது, தமிழ்நாடு 2024-ல் போட்டது. தமிழ்நாட்டுக் கொள்கையில் மெகாவாட்டுக்கு 30 லட்சம் வளர்ச்சிக் கட்டணம் என்று ஒரு விதி வந்ததும் பழைய முதலாளிகள் பின்வாங்கினார்கள். பழைய இயந்திரத்தோடு வந்த பேங்கிங் வசதி புதியதற்கும் தொடருமா என்பது அவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை. கடன் அடைந்த பழைய காத்தாடி, யூனிட் குறைவு, ஆனால் பேங்கிங் உண்டு. புதியது யூனிட் அதிகம், பேங்கிங் போய்விடுமோ? நூற்பாலைக்காரர் எதை எடுப்பார்? பழையதைத்தான் வைத்துக்கொள்வார். அரசு எதற்குக் காசு கொடுக்கிறதோ அது வளரும் என்று ஜூன் 9-ல் எழுதினேன். இங்கே மாறாமல் இருப்பதற்குக் காசு கிடைக்கிறது.

மொத்தக் காற்றாலைத் திறனில் நாட்டிலேயே முதலிடத்தில் பல வருஷம் இருந்தோம். 2023-ல் குஜராத் முந்திவிட்டது. எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

ஜூலை 27

மாடி சோலார் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது. மாதம் ஆயிரக்கணக்கில் பில் கட்டுகிறவர் தயங்காமல் போடலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு மானியம் கொடுத்தாலும் லாபமில்லை, பில்லே இல்லையே! அந்த வீடுகளின் கூரையை யாராவது வாடகைக்கு எடுத்தால்தான் நடக்கும். இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. என் அம்மா வீடும் அதில்தான் ஓடுகிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. இன்று ஆரல்வாய்மொழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். அந்த ஒரு திட்டில் எட்டுப் பழைய காத்தாடிகள், ஏழு முதலாளிகள், ஏழு தனித்தனி சர்வீஸ் எண்கள். இரண்டு பெரிய காத்தாடிகளை நட்டால் எட்டும் கொடுப்பதைவிடப் பல மடங்கு கிடைக்கும். ஆனால் பெரியவற்றுக்கு நடுவே இறக்கை விட்டத்தைப் போலப் பக்கவாட்டில் ஐந்து மடங்கு, காற்று வீசும் திசையில் ஏழு மடங்கு இடைவெளி வேண்டும். 140-க்கு அது 700 மீட்டரும் 980 மீட்டரும். தனித்தனியாக யாராலும் முடியாது, ஒன்றாகச் சேர்ந்தால்தான் இடம். சேர்ந்து ஒரு கம்பெனி ஆக்கி யூனிட்டைப் பங்குபோட்டுக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

ஏழு மணிப் போன்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் வந்திருந்தார். தாளை வாங்கி முதலில் கேட்டது, "வருஷத்துக்கு எத்தன யூனிட்டுங்க?" ஐந்து பேர் சரி என்றார்கள். ஒருவர் பேங்கிங் பற்றி எழுத்தில் ஏதாவது வந்தால்தான் கையெழுத்து என்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஏழாவது நிலம் அண்ணன் தம்பி பாகப் பிரச்சினையில் இருக்கிறது. தம்பி சிங்கப்பூரிலிருந்து அடுத்த வாரம் வருகிறார். பேசிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.